பழனியாண்டி விட்டுவைத்த கொம்பு

கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், மேல் டிவிசனில், பழனியாண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடி வயதேறி, கிளையெல்லாம் முண்டும் முடிச்சுமாகி, கொழுந்து குறைந்துபோகும்போது அதைக் கீழே வெட்டிக் கழித்து மறுபடி துளிர்க்க விடுகிற வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். அந்த வேலையில் பழனியாண்டிக்கு இணை பழனியாண்டிதான். இதை முதலில் சொன்னவன் பழனியாண்டி. பிறகு மற்றவர்களும் சொன்னார்கள், சொல்லாவிட்டால் அவன் விடமாட்டான் என்பதால்.

ஆனாலும் பொய்யில்லை. கத்தியை எடுத்தால் ஒரே இழுப்பு. வெட்டுவாய் சாய்வாக, பட்டை உரியாமல், தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். நோஞ்சான் செடியாக இருந்தால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பான். புதுத் துளிர் வருகிறவரைக்கும் செடி மூச்சுவிட ஒரு வழி வேண்டுமே. மூச்சுக்கொம்பு என்பார்கள் அதை. துளிர் வந்து தலையெடுத்ததும் அதையும் வெட்டி எறிந்துவிட வேண்டும். விட்டால் செடி மட்டம் கெட்டுப்போகும்.

மட்டம் கெட்டுப்போவதைத்தான் பழனியாண்டியால் தாங்க முடியாது. வேலை முடிந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்தாலும் கை ஓயாது. வேலியோரம் நின்ற காட்டுச் சூரியகாந்தி எல்லாம் அவன் இடுப்புக்குச் சமமாக நின்றன. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய் மரம் உண்டு. அதை அவன் ஒருநாள் அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினான் என்றும், அன்றைக்கே கணக்கப்பிள்ளை அந்த மரத்தடியில் காவலுக்கு ஆள் போட்டார் என்றும் ஒரு கதை இருந்தது. மீசையைக்கூட அவனே கண்ணாடி பார்த்து மட்டம் பிடிப்பான். ஒருநாள் வலது பக்கம் ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிற செல்லசாமி, "மச்சான், மீசைக்கும் மூச்சுக்கொம்பு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டான்.

அவன் மனைவி சண்முகவடிவு கொழுந்து எடுக்கிறவள். லயத்தின் கடைசி அறை, கோடிக் காம்பரா, அவர்களுடையது. அதனால் மற்றவர்களுக்கு வாசலில் மட்டும் மண் இருக்க, அவளுக்குப் பக்கவாட்டிலும் ஒரு துண்டு கிடைத்திருந்தது. மற்றவர்கள் அந்த மாதிரி இடத்தில் முட்டைக்கோவாவும் லீக்ஸும் போட்டு மரக்கறிக்கு வழி பண்ணிக்கொண்டார்கள். சண்முகவடிவு பூச்செடி போட்டாள். அதிலும் விதை போட்டு, முளைத்து, பூத்து, அந்த வருஷத்தோடு செத்துப்போகிற செடிகளைப் பக்கத்தில் சேர்க்கமாட்டாள். விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போகிறதற்கெல்லாம் யார் மண் கொத்துவது என்பாள். வந்தால் இருக்க வேண்டும். ஜெரேனியம் இருந்தது. டேலியா இருந்தது. டேலியா காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, பரணில் வைத்திருந்து மறுபடி நடுவாள். செவ்வந்தி பூத்து ஓய்ந்ததும் தூரைப் பிரித்து, பக்கக் கன்றுகளை மட்டும் தள்ளித் தள்ளி வைப்பாள். மிஞ்சியதைப் பக்கத்துக் காம்பரா அழகம்மாவுக்குக் கொடுப்பாள். கொடுத்த கன்று அங்கே போய் இங்கே இருப்பதைவிடப் பெரிதாகப் பூத்ததில் அவளுக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றது பந்துப்பூச் செடி. பங்களாவில் இருந்த துரையின் மனைவி, துரைசாணி, அதை ஹைட்ராஞ்சியா என்றாள். லயத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. பந்து மாதிரி உருண்டு, கொத்துக் கொத்தாகப் பூத்தது, அதனால் பந்துப்பூ. பங்களாத் தோட்டக்காரன் முத்துலிங்கம் கழித்துப் போட்ட குப்பையில் கிடந்த குச்சி ஒன்றைச் சண்முகவடிவு கூடையில் போட்டுக்கொண்டு வந்து ஊன்றினாள். இங்கேயே இருக்கப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆளாளுக்குப் பதிலை எதிர்பார்த்துக் கிடந்த காலம் அது. குச்சி யாரையும் எதுவும் கேட்காமல் வேர் விட்டுவிட்டது என்று அழகம்மா சொல்லிச் சிரித்தாள். தேயிலைச் சக்கையும் மாட்டுச் சாணமும் போட்டதில் செடி ஆள் உயரம் வந்தது. பூ நல்ல நீலம். மழைக்கு முந்திய வானம் மாதிரி.

அந்தப் பூவுக்கு ஒரு கணக்கு இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஆடி மழையில் பழனியாண்டிக்கு நெஞ்சில் சளி கட்டி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். சண்முகவடிவு நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய் நின்றாள். இந்த மனுசன் எழுந்து நடந்தால், மூன்று சித்திரைத் திருவிழாவுக்கு, தன் கையால் வளர்த்த பந்துப்பூவைத் தேர் முகப்பில் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மனுசன் எழுந்து நடந்தான். மறு வாரமே கத்தியைத் தீட்டிக்கொண்டு நடந்தான். இரண்டு சித்திரைக்கு அவள் கட்டிவிட்டாள். மூன்றாவது பாக்கி இருந்தது. தேர் முகப்புக்கு யார் பூவோ, அவர் வாசலில்தான் தேர் முதலில் நிற்கும் என்பது அந்த டிவிசனின் பழக்கம். அழகம்மாவுக்கும் தன் செவ்வந்தியை முகப்பில் பார்க்க ஆசைதான். இத்தனைக்கும் இரண்டு வாசலுக்கும் நடுவே ஓர் ஆடு படுக்கிற இடம்தான் இருந்தது. தேர் எந்த வாசலில் நின்றாலும் சாம்பிராணிப் புகை இரண்டு காம்பராவுக்கும் போகும்.

மார்கழியில் டயகமவில் சண்முகவடிவின் தங்கைக்குப் பிரசவம். அவள் கிளம்பும்போது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னாள். பழனியாண்டி முதல் பாதியை நன்றாகக் கேட்டுக்கொண்டான்.

அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் ஊற்றப் போனவன் பந்துப்பூச் செடிக்கு முன்னால் நின்றுவிட்டான். இத்தனை நாளும் அவன் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. ஒரு கிளை மேலே, ஒரு கிளை கீழே. காய்ந்த பூக்கள் பழுப்பாகத் தொங்கின. தண்டில் பாசி. மட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. இப்படி ஒரு செடியைத் தன் வாசலில் வைத்துக்கொண்டு, மலையில் போய் மற்றவனுக்குக் கவ்வாத்து சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. பாவம், வடிவு பொம்பளை, அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று கத்தியை எடுத்து வந்து தீட்டினான்.

தேயிலைக்குச் செய்கிற மரியாதை எல்லாவற்றையும் அதற்கும் செய்தான். முழங்கால் உயரத்தில் மட்டம் பிடித்தான். பாசியைத் தேய்த்து எடுத்தான். செடி பார்க்கக் கொஞ்சம் நோஞ்சான் மாதிரித் தெரிந்ததால் சுவரோரமாக ஒரு கொம்பை மூச்சுக்கு விட்டுவைத்தான். செல்லசாமியைக் கூப்பிட்டுக் காட்டினான். செல்லசாமி வெட்டுவாயைத் தடவிப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி, மச்சான்," என்றான்.

சண்முகவடிவு டயகமவிலிருந்து பஸ் பிடித்து, கீழ் ரோட்டில் இறங்கி, மூட்டையோடு மேலே ஏறி வந்தாள். பழனியாண்டி முன்திண்ணை இஸ்தோப்பில் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். அவள் செடியைப் பார்த்தாள். மூட்டையை இறக்காமலே பார்த்தாள்.

"நல்லாப் பாரு புள்ள. ஒரு கொம்பு பொளந்திருக்கா? ஒரு பட்டை உரிஞ்சிருக்கா?"

"ஆத்தாளுக்கு என்னத்தங்க கட்டுறது?"

"கவ்வாத்து வெட்டுன செடிதான் கொட்டும். நாலு வருசம் வெட்டாத மலையையும் வெட்டுன மலையையும் பாத்துட்டுப் பேசு. சித்திரைக்குப் பூவ ஒன்னால தூக்க முடியாது, நாந்தான் சொமந்துட்டு வரணும்."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தேயிலைக்கு அதுதானே நடக்கிறது. அவள் வாழ்க்கை பூராவும் கொழுந்து எடுத்தவள், அவளுக்கும் தெரியும். சரி என்று பொறுத்துக்கொண்டாள். இனிமேல் அந்தச் செடிப்பக்கம் அவன் வரக்கூடாது என்பதை மட்டும் சொல்லிவைத்தாள்.

தை பிறந்து மாசி வந்தது. செடி துளிர்த்தது. சாதாரணத் துளிர் இல்லை. வெட்டுவாய் ஒவ்வொன்றிலிருந்தும் கொத்தாகக் கிளம்பி, தளதளவென்று, இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. பழனியாண்டி பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் சேரும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசினான். பங்குனியும் வந்தது. இலை இன்னும் பெருத்தது. மொட்டு என்று பேருக்கு ஒன்றில்லை. செல்லசாமி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பூவை விடுங்க மச்சான், தங்கச்சி வாசல்லயே கொழுந்து எடுத்துக்கலாம் என்றான். ஆத்தா பூவுக்குப் பதிலாகத் தேத்தண்ணி வாங்கிக்கொள்வாளா என்று கோயிலில் கேட்டுப் பார்க்கச் சொல்லி இன்னொருவன் யோசனை சொன்னான்.

அன்றோடு சண்முகவடிவு புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள்.

லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் ஆசீர்வாதம் பண்ணுவார்கள். அதனால் அவள் தன் பேச்சையெல்லாம் சுவருக்கு மேலாக அழகம்மாவிடம் சொன்னாள். பழனியாண்டி இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பான். "அழகம்மாக்கா, ரொட்டி ஆறுதுன்னு சொல்லுங்க." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, ரொட்டி ஆறுதாம்," என்று குரல் வரும். அழகம்மா நல்லவள்தான். ஆனால் தூது போகிறவர்களுக்கு உள்ள ஆசை அவளுக்கும் இருந்தது. சொன்னதோடு கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்தாள். "ரொட்டி ஆறுதாம் தம்பி, திங்கிறதுக்காவது ஒரு ஒழுங்கு இருக்கான்னு கேக்குது." அவள் செவ்வந்தி அந்த வருஷம் வாசலே மஞ்சளாகும்படி மொட்டு விட்டிருந்தது. சண்முகவடிவு அதைப் பார்க்காமலேயே பீலிக்குத் தண்ணீருக்குப் போய் வந்தாள்.

பழனியாண்டிக்குப் பேச்சில்லாததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பங்குனிப் பனியில் அவனுக்கு ஒருநாள் இருமல் வந்தது. சாதாரண இருமல். ஆனால் இருமி முடித்து நிமிர்ந்தபோது எதிரே இலையும் தழையுமாக நின்றது அந்தச் செடி. யாருடைய உயிருக்கு நேர்ந்த பூ, யார் கை அதை வெட்டியது என்பதை அவன் மனசு அப்போதுதான் சேர்த்துப் பார்த்தது. அன்றைக்கு வெந்நீர் குடித்தான். மறுநாள் நெஞ்சைத் தடவிக்கொண்டான். அதற்கு மறுநாள் செல்லசாமியிடம், ஆத்தா இப்படிப்பட்ட சின்ன விஷயத்தையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வாளா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டான். செல்லசாமி, வைத்துக்கொள்ளமாட்டாள், வட்டியோடு கேட்பாள் என்றான்.

கடைசியில் பழனியாண்டி ஒரு வழி யோசித்தான். மூச்சுக்கொம்பு இன்னும் நின்றது. துளிர் இவ்வளவு வந்த பிறகும் அது நிற்பதால்தான் செடியின் சத்தெல்லாம் அந்தப் பக்கம் போகிறது, அதை வெட்டினால் பூ வரும். தேயிலை நியாயப்படி இதில் தப்பே இல்லை. ஆனால் அவன்தான் அந்தப் பக்கம் போகக்கூடாதே. ஞாயிற்றுக்கிழமை வந்து வெட்டிக்கொடுக்கும்படி செல்லசாமியிடம் சொன்னான். வடிவு அண்ணன் என்று கூப்பிடுகிற ஆள், கோபித்துக்கொள்ளமாட்டாள். அந்த வேளை பார்த்துத் தான் வீட்டில் இல்லாமல் இருப்பதும் நல்லது என்று, பங்களாத் தோட்டக்காரன் முத்துலிங்கத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். ஒன்றும் வராவிட்டால் அங்கே ரெண்டு பூவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பும் இருந்தது.

பங்களாவில் பந்துப்பூ வரிசையாகப் பூத்திருந்தது. எல்லாம் ரோஸ் நிறம். துரைசாணிக்கு நீலம் அலுத்துப்போய் மண்ணில் சுண்ணாம்பு போடச் சொல்லிவிட்டாளாம். இதைக் கொண்டுபோய் நீலம் என்று வடிவிடம் சொல்ல முடியாது, ஆத்தாளிடம் சுத்தமாகச் சொல்ல முடியாது. பழனியாண்டி பெருமூச்சு விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னான். முத்துலிங்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். வெட்டினேன் என்று சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"தம்பி, இது போன வருசத்துக் கொம்புலதான் பூக்கும். புதுசா வர்ற துளிர்ல இந்த வருசம் எலதான் வரும். நீங்க வெட்டிப் போட்டது பூராவும் இந்தச் சித்திரைப் பூ."

"பூராவுமா?"

"பழைய கொம்பு ஒண்ணாவது விட்டீங்களா? விட்டிருந்தா அது நுனியப் பாருங்க. பிஞ்சுக் கோவா மாதிரி எலைக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும்."

முத்துலிங்கம் பேச்சை முடித்தபோது எதிரே ஆள் இல்லை. பழனியாண்டி பங்களா ரோட்டைச் சுற்றிப் போகாமல் தேயிலைக்குள்ளேயே விழுந்து ஓடினான். அவனே மட்டம் பிடித்த செடிகள்தான், வேட்டியைப் பிடித்துப் பிடித்து இழுத்தன. செல்லசாமி சோம்பேறி, நேரம் கழித்துத்தான் வருவான் என்று ஓர் ஆறுதல். கத்தி எடுத்தால் அவனும் ஒரே இழுப்புக்காரன் என்று ஒரு பயம். அவனுக்கு அந்த இழுப்பைச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்பது நினைவுக்கு வந்தபோது இருமலும் வந்தது.

லயத்து வாசலில் செல்லசாமி இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவன் கத்தி கதவு மூலையில் சாத்தியிருந்தது. சண்முகவடிவு செடிக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள்.

"மச்சான், தங்கச்சி தேத்தண்ணி குடுத்துச்சு, சீனி குடுத்துச்சு. செடிக்கிட்ட மட்டும் விடமாட்டேங்குது," என்றான் செல்லசாமி. "கத்தியோட இன்னொரு அடி வெச்சா அண்ணன்னு பாக்கமாட்டேன்னு சொல்லிருச்சு."

பழனியாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே சுவரோரம் போய், மூச்சுக்கொம்பின் நுனியை விலக்கிப் பார்த்தான். இலைக்கு நடுவே பச்சையாக, இறுக்கமாக, ஒரு பிஞ்சு இருந்தது. அவன் அதை அவளுக்குக் காட்டினான். அவள் எழுந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "அழகம்மாக்கா, கைய எடுக்கச் சொல்லுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு சித்திரை வரைக்கும் அந்த ஒரு பிஞ்சுதான் லயத்தின் பேச்சு. ஒன்றே ஒன்று. அது விரியும், ஆனால் முதலில் வெளிறிய பச்சையாக இருக்கும், நீலம் ஏறுவதற்கு நாள் பிடிக்கும். திருவிழாவுக்குள் நீலம் ஏறுமா என்பதுதான் கேள்வி. பங்குனி முடிகிற நேரத்து மழை மத்தியானத்துக்கு மேலே கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். பழனியாண்டி வேலை விட்டதும் பீலிக்கரைக்குக்கூடப் போகாமல் ஓடி வந்து, தன் கம்பளியைக் கம்பில் கட்டி, செடியை விட்டு ஒரு கை தள்ளி நின்றபடி அந்தக் கொம்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பான். கிட்டே போக அவனுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. மேல் டிவிசனின் பெரிய கவ்வாத்துக்காரன், தலையில் மழை சொட்டச் சொட்ட, ஒரு பூ மொட்டுக்குக் குடை பிடிக்கிறதைப் பார்க்க அடுத்த லயத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். சண்முகவடிவு உள்ளேயிருந்து பார்த்தாள். ஒருநாள், "அழகம்மாக்கா, தலையத் தொவட்டச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள். அழகம்மா அதில் உப்பும் சேர்க்கவில்லை, புளியும் சேர்க்கவில்லை.

தேர் அன்று காலையில் நீலம் ஏறியிருந்தது. முழுசாக இல்லை. ஓரத்தில் கொஞ்சம் பச்சை நின்றது. ஆனால் யார் பார்த்தாலும் நீலம் என்றுதான் சொல்வார்கள். சண்முகவடிவு தலை குளித்துவிட்டு வந்து, கையை நீட்டினாள்.

"கத்தியக் குடுங்க."

பங்குனிக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. தன் கத்தியை யாரும் தொட விடாதவன் பழனியாண்டி. பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தான். சாய்வாக எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தான்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினான். பின்னால் வெட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஒரே இழுப்பில்லை, இரண்டு மூன்று அறுப்பு. பட்டை உரிந்திருக்கும் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அதுதான் அந்தத் திருவிழாவின் பெரிய நேர்த்திக்கடன்.

ஒரு பூவை வைத்து முகப்பு முழுவதையும் மூட முடியாது. அழகம்மா கேட்காமலேயே தன் செவ்வந்தியைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் மாலைக்கு நடுவில் அந்த ஒற்றை நீலம் அம்மனுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்துவிட்டு, இதுவரைக்கும் கட்டியதில் இதுதான் லட்சணம் என்று பூசாரி சொன்னார். தேர் எந்த வாசலில் முதலில் நிற்பது என்று ஒரு குழப்பம் வந்தது. கடைசியில் ஆடு படுக்கிற இடத்துக்கு நேரே நிறுத்தினார்கள்.

சூடம் காட்டுகிறபோது பழனியாண்டி செல்லசாமியிடம் மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் நினைத்துத்தான் அந்த ஒரு கொம்பை விட்டேன், சத்தெல்லாம் ஒரே பூவுக்குப் போகட்டும் என்று. கை பழகினவனுக்குத்தான் இதெல்லாம் வரும். செல்லசாமி தலையை ஆட்டினான். சண்முகவடிவுக்கும் அது காதில் விழுந்தது. அவள் கண்ணை மூடி, அம்மனிடம் எதையோ சொல்லிக் கும்பிட்டாள்.

சாயந்தரம் தேர் அடுத்த லயத்துக்குப் போன பிறகு, அவள் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பழனியாண்டி வாசல்படியில் உட்கார்ந்து, நேர்த்தி முடிந்ததே, கும்பிட்டதில் என்ன சொன்னாய் என்று கேட்டான். இன்னும் மூன்று வருஷத்துக்குப் பூ கட்டுவதாக நேர்ந்துகொண்டேன் என்றாள்.

"எதுக்கு புள்ள? எனக்குத்தான் ஒடம்பு கல்லு மாதிரி இருக்கே."

சண்முகவடிவு ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஒடம்புக்கு இல்லீங்க. அந்தக் கை அடங்குறதுக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் அழகம்மா சிரித்த சத்தம் கேட்டது.